சம்மட்டிக்கு ஒரு ஆள்

கணவர் ஜம்புநாதன் போன பிறகு, செய்யவேண்டியதை எல்லாம் சத்தியவதி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டு வந்தாள். ஃபேக்டரியில் கையெழுத்து, பேங்கில் கையெழுத்து, ரேஷன் கார்டில் அவர் பெயரை நீக்குவது, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய அவகாசம் கேட்டு மனு. தளேகாவில் ஒருவரைப் பார்த்துவிட்டு லோக்கல் ரயிலில் திரும்பும்போது உட்கார்ந்தபடியே அவருக்கு உயிர் போயிருந்தது. புனேக்குப் பக்கத்துக் கட்கி ஸ்டேஷனில் கூட்டம் இறங்கிய பிறகும் அவர் ஜன்னலோரம் சாய்ந்தே இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து யாரும் எழுப்பவில்லை.

குவார்ட்டர்ஸ் பெண்கள் சுற்றி உட்கார்ந்து, "அழுதுடு சத்தியவதி, உள்ளயே வச்சிக்காத" என்றார்கள். அழத்தான் பார்த்தாள். கால் மரத்துப்போனால்கூட எறும்பு ஊருகிற மாதிரியாவது இருக்கும். இதில் அதுவும் இல்லை. காபி குடித்தால் சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை. அம்பர்நாத்திலிருந்து மகள் லீலா, "அம்மா, சாமானைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு" என்று எழுதியிருந்தாள். சரி என்று பதில் போட்டாள். வேண்டாம் என்று எழுதுவதற்கும் காரணம் இல்லை.

மிச்சம் இருந்தது தாபோடியில் தகரக் கொட்டகையும் அதிலிருந்த கொல்லுப்பட்டறைச் சாமான்களும்தான். ஃபேக்டரி வேலை போக ஞாயிற்றுக்கிழமைகளில் ஜம்புநாதன் அங்கே கடப்பாரை, உளி, கேட்டுக்குக் கொண்டி என்று அடித்துக்கொடுப்பார். பழைய இரும்புக்காரன் எல்லாவற்றையும் ஒரே எடையாகப் போட்டு எடுத்துக்கொள்ள வருவதாகச் சொல்லியிருந்தான். அதற்குள் கோர்ப்புரியிலிருந்து ஆட்ரி தன் மகன் டக்ளஸைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர்கள் வீட்டு கேட்டை ஒருமுறை ஜம்புநாதன் சரிசெய்து கொடுத்த பழக்கம். ஆட்ரி கான்வென்ட் ஆபீஸில் டைப்பிஸ்ட். வந்த காரியத்தைவிட மகனைப் பற்றிய குறைதான் முதலில் வந்தது.

"டைப்ரைட்டிங் கிளாஸுக்கு அனுப்பினா பாதியில ஓடிட்டான் அக்கா. போசரியில ஒரு கிரில் ஒர்க்ஷாப்ல போய் நின்னுக்கிட்டான். இப்ப சொந்தமா இரும்பு அடிக்கப்போறானாம், இரும்பு! பைபிள் பிடிக்கிற கையா இது, பாருங்க."

"மம்மி, பஸ் கரோ, போதும்" என்றான் டக்ளஸ். இருபது வயசு இருக்கும். ஜூனா பஜாரில் உலைக்குக் காற்றூதக் கைராட்டினம் வைத்த ஒரு பழைய ப்ளோயரும், இரும்பைக் கவ்விப் பிடிக்கக் காலோடு கூடிய வைஸும் வாங்கி வைத்திருந்தான். கொட்டகைக்காரரிடம் வாடகையும் பேசி முடித்துவிட்டான். இரும்பை வைத்து அடிக்கிற பட்டறைக்கல்லும் குறடுகளும் சம்மட்டியும்தான் அவனுக்கு வேண்டியிருந்தன. விலையை ஆட்ரியே சொன்னாள். சத்தியவதி தலையாட்டினாள்.

கொட்டகையில் குறடுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் கையில் கொடுத்தாள். இது பட்டைக் கம்பிக்கு, இது உருட்டுக் கம்பிக்கு, இதன் வாய் கொஞ்சம் கோணல், காய்ச்சி நிமிர்த்திக்கொள். சம்மட்டியை மட்டும் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. கனமான இரும்பை அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குறட்டால் பிடித்துக்கொண்டு சின்னச் சுத்தியலால் இடம் காட்டவேண்டும், மற்றவர் அந்த இடத்தில் சம்மட்டியை இறக்கவேண்டும். ஜம்புநாதனுக்குச் சம்மட்டி அடித்தது சத்தியவதிதான். கல்யாணமான முதல் வருஷமே கற்றுக்கொண்டாள். சாலையோரத்தில் உலை வைத்துப் பிழைக்கிற கிசாடிக் கொல்லர்களின் பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சம்மட்டி அடிப்பதை புனேயில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஒருநாள் இவள் அடிப்பதைக் குவார்ட்டர்ஸ்காரி ஒருத்தி எட்டிப்பார்த்துவிட்டாள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில், "இன்னாடி, உன் வூட்டுக்காரரு உன்ன கிசாடிச்சி ஆக்கிட்டாரா?" என்று கேட்க, குடம் வைத்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றையிலிருந்து தகரக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அடித்தார்கள். சோற்றுத் தூக்கு கொண்டுபோகிறாள் என்று ஊர் நினைத்தது. ஜம்புநாதனும், "எவ்ளோ தடி இரும்பா இருந்தாலும் நான் ஒத்தையாதான் அடிப்பேன்" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தார். சொல்லிச்சொல்லி அவருக்கே அதில் ஒரு பெருமை வந்துவிட்டது.

சில நாள் கழித்து டக்ளஸ் அவள் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது அவள் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று அவன் உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்தான். இரண்டிலும் கொப்புளம் வெடித்திருந்தது.

"ஆன்ட்டி, அந்தக் கல் சரியில்ல. உசிர் போன கல். எவ்ளோ அடிச்சாலும் இரும்பு நீளவே மாட்டேங்குது."

"கல்லுக்கு இன்னா? இருபத்தஞ்சு வருசமா அதுலதான் அடிச்சிக்கினு இருந்தாரு."

"எனக்கு நஹீ ஹோத்தா, வரவே மாட்டேங்குது." கோந்த்வாவில் ஒரு கல்குவாரி. அங்கே முகாதமாக, அதாவது மேஸ்திரியாக இருக்கும் அப்துல் காதர், மாதிரிக்கு ஒரு கட்டு கல்லுளி கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை கொடுக்கவேண்டும். பாறையில் அவை நின்றுவிட்டால் குவாரி வேலை முழுக்க இவனுக்கு. நிற்காவிட்டால் கொட்டகையை விட்டுவிடச் சொல்லிவிட்டாள் ஆட்ரி. சாமானைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, கான்வென்ட் ஆபீஸில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவேண்டும். "மம்மி பிரின்சிபால்கிட்ட பேசிட்டாங்க ஆன்ட்டி. நாற்காலி ரெடி."

சாக்கை அப்படியே வைத்துவிட்டு அவனோடு தாபோடிக்கு நடந்தாள். பாத்திரம் கட்டுவதும் இதுவும் அவளுக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது.

கொட்டகையில் இரும்புத் துண்டுகள் கரும்புச் சக்கை மாதிரி நசுங்கிக் கிடந்தன. நுனி கூராகாமல் எல்லாம் பக்கவாட்டில் பிதுங்கியிருந்தது. டக்ளஸ் ஒரு துண்டைக் காய்ச்சி எடுத்து இடது கையில் குறட்டால் பிடித்தான். வலது கையில் சம்மட்டிக் காம்பை அதன் இரும்புத் தலையை ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஓங்கிப் போட்டான். இரும்பு துள்ளிச் சுவரில் மோதியது.

"சம்மட்டிக்கு யாரு?"

"யாருமில்ல. நான்தான்."

"ரெண்டும் நீயா?"

"அங்கிள் ஒத்தையாதான் அடிப்பார்னு சொன்னாரே. கேட் வேலைக்கு வந்தப்போ என்கிட்டயே சொன்னார்."

சத்தியவதி உலையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு வாசலைப் பார்த்தாள். போன வாரக் காற்றில் தகரக் கதவு பிய்ந்துபோய் அது திறந்த வாசலாக இருந்தது. சந்தைக்குப் போகிற குவார்ட்டர்ஸ் ஜனம் முழுக்க அந்த வழியாகத்தான் போகும்.

"அவரு ஒத்தையா அடிக்கல தம்பி. இன்னொண்ணக் காய்ச்சு."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சம்மட்டியை எடுத்தாள்.

முதலில் ஒன்றும் சரியாக வரவில்லை. டக்ளஸ் சின்னச் சுத்தியலால் இரும்பில் தட்டி இடம் காட்டுவான். அவள் ஒரு அடி போடுவாள், நின்றுவிடுவாள். மறுபடி காட்டுவான், ஒரு அடி, மறுபடி நின்றுவிடுவாள். அதற்குள் இரும்பு ஆறிக் கறுத்துவிடும்.

"ஏன் ஆன்ட்டி நிறுத்துறீங்க? அடிங்க, அடிங்க!"

"நீதானே நிறுத்தச் சொல்ற?"

"நான் எங்க சொன்னேன்?"

"கல்லுல தட்டுறியே."

அவன் கையைப் பார்த்தான். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அவனுடைய சுத்தியல் சும்மா இராமல் பட்டறைக்கல்லின் ஓரத்தில் டிங், டிங் என்று துள்ளிக்கொண்டிருந்தது. பெரிய கொல்லர்கள் எல்லாரும் அப்படித்தான் தாளம் போடுவார்கள் என்று நினைத்திருந்தான்.

"இரும்புல தட்டினா அடின்னு அர்த்தம். கல்லுல தட்டினா போதும்னு அர்த்தம். சம்மட்டி புடிக்கிறவங்க காது அதைத்தான் கேட்டுக்கினு இருக்கும், வேற எதையும் கேக்காது."

"அப்ப இவ்ளோ நேரம் அடி, போதும், அடி, போதும்னு நானே சொல்லிட்டிருந்தேனா?" டக்ளஸ் தலையில் அடித்துக்கொண்டான். "பாகல், பைத்தியக்காரன் மாதிரி!"

"மாதிரி இன்னா மாதிரி" என்றாள் அவள். அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த துண்டுக்கு அவன் சுத்தியலை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டான். அடி தொடர்ந்து விழுந்தது. இரும்பு வெண்ணெய் மாதிரி இல்லாவிட்டாலும், ஒரு பிடிவாதக்காரன் மெல்ல மெல்ல இறங்கி வருகிற மாதிரி நீண்டது. அவன் திருப்பினான், அவள் அடித்தாள், மறுபடி திருப்பினான். நுனி நான்கு பட்டையாகக் கூடி வந்தது.

வாசலில் நிழல் தட்டியது. பக்கத்து குவார்ட்டர்ஸ் பாமா, கையில் காய்கறிப் பையோடு.

"யாரு... சத்தியவதியா? ஐயய்யோ, இன்னாடி இது கோலம்? அவரு போயி மூணு மாசம் ஆவல!"

இந்த நிமிஷம் வரக்கூடாது என்றுதான் இத்தனை வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெட்கம் வரும் என்று சத்தியவதி காத்திருந்தாள். அதுவும் வரவில்லை.

"இரும்பு ஆறுது பாமா. பொறி தெறிக்கும், தள்ளி நில்லு."

பாமா தள்ளித்தான் நின்றாள். போகவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இரண்டு உளி முடிகிறவரை பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் எடுத்து வாசற்படியில் வைத்தாள். "தண்ணில புழிஞ்சி குடி. மூஞ்சி எப்படி செவந்துபோச்சு பாரு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஒரு தடவை சம்மட்டி வழுக்கிக் குறட்டின் மேல் விழுந்தது. டக்ளஸ் கை அதிர்ந்து குறட்டைப் போட்டுவிட்டான். சத்தியவதி தலையைக் குனிந்துகொண்டாள். "கண்ணு எங்கடி இருக்குது, பொடனியிலயா?" என்று இப்போது வரும். ஒவ்வொரு தப்பு அடிக்கும் ஜம்புநாதன் வாயிலிருந்து வந்தது அது.

"சாரி ஆன்ட்டி, நான்தான் சீக்கிரம் திருப்பிட்டேன்" என்றான் டக்ளஸ்.

அவள் குனிந்தபடியே காத்திருந்தாள். திட்டுவதற்கு ஆள் இல்லை. உலை புஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது.

"ஆன்ட்டி?"

"ஒண்ணுமில்ல. காய்ச்சு."

நுனியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து இறுக்குவது அவனுக்கு போசரியிலேயே பழக்கம். அதில் அவள் தலையிடவில்லை. அவளுக்கு அது தெரியவும் தெரியாது. அவள் அறிந்தது அடி மட்டும்தான்.

திங்கட்கிழமை உளிகளைச் சாக்கில் சுற்றி இருவரும் பஸ்ஸில் கோந்த்வா போனார்கள். அவன் கைக் கொப்புளத்துக்கு அந்தக் கனம் தாங்காது என்பதால் அவளும் போனாள். குவாரியில் வெள்ளைத் தூசி. அப்துல் காதர் ஆம்பூர்க்காரர், தலையில் துண்டு, வாயில் பான்.

"வாய்யா டக்ளஸு! உளி கொண்டாந்தியா, சர்ச்சுக்கு மெழுகுவத்தி கொண்டாந்தியா?"

"டெஸ்ட் பண்ணுங்க சேட்."

ஒரு கல்லுடைக்கிற ஆள் முதல் உளியைக் கரும்பாறையில் வைத்து அறைந்தான். நாலாவது அடியில் நுனி பிஸ்கோத்து மாதிரி ஒடிந்து தெறித்தது. டக்ளஸ் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அப்துல் காதர் ஒடிந்த துண்டைக் குனிந்து எடுத்துப் பார்த்தார்.

"அடி நல்லாத்தான் விழுந்திருக்குது. காய்ச்சினதுதான் ஜாஸ்தி. அவசரப்பட்டிருக்க. இன்னொண்ணக் குடு."

இரண்டாவது நின்றது. மூன்றாவதும் நின்றது. பாறையில் கோடாகக் குழி விழுந்தது. எல்லாவற்றையும் பார்த்து முடித்ததும் அவர் பானைத் துப்பிவிட்டு, "யாரு சம்மட்டி?" என்று கேட்டார்.

டக்ளஸ் வாயைத் திறந்தான், சத்தியவதியைப் பார்த்து மூடிக்கொண்டான். அவள் சொல்லட்டும் என்று விட்டுவிட்டான்.

"நான்தான்" என்றாள் அவள்.

"நீங்க... நம்ம ஜம்புநாதன் சம்சாரம் இல்ல? அவரு ஒத்தையா அடிக்கிற ஆளாச்சே!"

"சொல்வாரு. அப்பவும் நான்தான் அடிச்சேன்."

அப்துல் காதர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. ஓரமாகக் கிடந்த மொண்ணை உளிச் சாக்கைக் காலால் தள்ளினார். "இதுதான் முதல் லோடு, நுனிய அடிச்சிக் கூராக்கணும். வெள்ளிக்கிழமை எனக்கு வேணும். ஆனா ஒண்ணு தம்பி, சம்மட்டிக்கு ஆளு இல்லாம நீ இத எடுத்துக்கினு போவாத. பாதில வந்து கையப் பிசைஞ்சின்னா வேற எடம் பாத்துப்பேன். ஆளு இருக்குதா, சொல்லு."

டக்ளஸ் தரையைப் பார்த்தான். அவள் அம்பர்நாத் போவது அவனுக்குத் தெரியும். வியாழக்கிழமை லீலாவின் வீட்டுக்காரர் டெம்போ கொண்டுவருகிறார்.

"இருக்குது" என்றாள் சத்தியவதி. "ஆள் கெடைக்கிற வரைக்கும் நான் வருவேன்."

சொன்ன பிறகுதான் எங்கே தங்குவது, லீலாவுக்கு என்ன எழுதுவது என்றெல்லாம் வந்து நின்றது. மாசக் கடைசிவரை குவார்ட்டர்ஸ் இருக்கிறது. அதற்கப்புறம் தாபோடியில் ஒரு அறை பார்க்கவேண்டும். கட்டிய சாக்கில் ஒரு குக்கரையும் ரெண்டு தட்டையும் திரும்ப வெளியே எடுக்கவேண்டும்.

பஸ்ஸில் மொண்ணை உளிச் சாக்கைக் காலடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். கண்டக்டர் அதைப் பார்த்து மராட்டியில் ஏதோ முணுமுணுத்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தான். கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கிய சத்தியவதி பாதியிலேயே இறக்கிக்கொண்டாள்.

"வலிக்குதா ஆன்ட்டி?"

"தோள்பட்டை ரெண்டும் கழண்டு வர்ற மாதிரி வலிக்குது."

"அப்ப நாளைக்கு லீவு விட்டுடலாமா?"

"லீவாம் லீவு. விடிஞ்சதும் உலைய மூட்டு. வெயில் ஏறிப்போச்சுன்னா என்னால ஆவாது."