தலைவர் கண்ணுக்கு முதல் சொட்டு

தாராவியில் எந்த விழா நடந்தாலும் முதல் மாலை, முதல் பிரசாதம், முதல் நாற்காலி மூன்றும் நெல்லையப்பன் அண்ணாச்சிக்குத்தான். கோயில் கமிட்டித் தலைவர் என்றால் சும்மாவா? ஆகவே கமிட்டி ஹாலில் இலவசக் கண் முகாம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, முதல் சொட்டு மருந்தும் அவர் கண்ணில்தான் விழுந்தது. போட்டோ எடுக்க வேண்டுமல்லவா?

மற்றபடி, பரிசோதனை தமக்குத் தேவை என்று அவர் நினைக்கவில்லை. சொட்டு விடும் முன்பே கண் பரிசோதனைப் பலகையின் கடைசி வரிப் பொடி எழுத்தைத் தடையில்லாமல் வாசித்துக் காட்டிவிட்டார். பல வருடத்துச் சர்க்கரையைக் கைக்குள் வைத்திருப்பவர். வழி ரொம்பச் சுலபம்: சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பிருந்து பட்டினியும் பாகற்காய்ச் சாறும், கொடுத்துவிட்டு நேரே ஜிலேபிக் கடை. அன்றைய மேடைக்கு ஆள் வைத்து எழுதியிருந்த பேச்சின் தலைப்பே, ‘சர்க்கரையை நான் வென்ற கதை’.

பக்கத்துத் தெருவில் வளர்ந்த டாக்டர் சஃப்ரீன் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். அண்ணாச்சி போட்டோவுக்காகச் சிரித்தபடியே இருந்தார். அவள் சிரிக்கவில்லை.

“அங்கிள், ரெண்டு கண்ணுலயும் விழித்திரையில ரத்தம் கசியுது.”

“கடைசி வரி வரைக்கும் படிச்சேனேம்மா!”

“நடுப்பகுதி இன்னும் தப்பிச்சிருக்கு, அதான் படிக்கிறீங்க. ஓரமெல்லாம் நம்ம கல்லி சந்துத் தண்ணி பைப்பு மாதிரி கிடக்கு. வருஷக்கணக்கா சர்க்கரை ஏறி, பொடிப்பொடி ரத்தக்குழாயெல்லாம் இத்துப்போச்சு. சிலது ஒழுகுது, சிலது அடைச்சிருச்சு. தண்ணி வராத வீட்டுக்காரன் என்ன பண்ணுவான்?”

“திருட்டு கனெக்சன் இழுப்பான்.” இந்த விஷயத்தில் அண்ணாச்சிக்கு அனுபவம் உண்டு.

“கண்ணும் அதேதான் பண்ணுது. ரத்தம் கிடைக்காத இடத்துக்காகப் புதுக்குழாய் முளைக்குது. எல்லாம் கச்சா மால், உறுதியில்லாத சரக்கு. ஒண்ணு வெடிச்சாலும் கண்ணு நிறைய ரத்தம்தான், ஒரே இருட்டு. இந்த வாரமே லேசர் வச்சா இருக்கற பார்வையைக் காப்பாத்திக்கலாம்.”

“ரிப்போர்ட் எல்லாம் நார்மலால்லா வந்துச்சு?”

“ரெண்டு நாள் பாவக்காய்க்கு ரிப்போர்ட் ஏமாறும்,” என்றாள் பின்னால் நின்ற அவர் மனைவி பானுமதி. “கண்ணு ஏமாறுமாக்கும்?”

அதற்குள் மேடையில் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மைக்கைப் பிடித்துத் தாளைப் பிரித்தால், கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தின் வேலையில் எழுத்தெல்லாம் பஞ்சுப் பொதியாய்த் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். இருந்தாலும் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பார்வை இப்படியே நின்றுவிட்டால், எவன் வணக்கம் வைக்காமல் போகிறான் என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

கிட்டத்தில் மங்கினாலும் தூரம் தெரிந்தது. வாசலில் இசக்கி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். அவனும் சர்க்கரைக்காரன்தான்.

“ஏல இசக்கி, எங்கல நழுவுத?”

“எனக்குக் கடைசி வரி நல்லாத் தெரியுது, அண்ணாச்சி!”

“எனக்குந்தாம்ல தெரிஞ்சுது! தலைவர் கண்ணே உள்ளுக்குள்ள ஒழுகுதாம். ஒன் கண்ணு என்ன, தங்கத்துலயா செஞ்சு வச்சிருக்கு? சர்க்கரை உள்ள ஒருத்தனும் சொட்டு விடாம வாசல் தாண்டப்படாது!”

கைதட்டல் ஹாலைத் தூக்கியது. எழுதிய பேச்சு எதற்கும் இவ்வளவு விழுந்ததில்லை. அண்ணாச்சி தாளை மடித்துச் சட்டைப்பையில் சொருகினார். குரலில் தலைவர் திரும்பி வந்துவிட்டார்.

“இன்னொண்ணும் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. லேசருக்கும் மொத ஆளு நான்தான். அதுல எவனும் முந்தப்படாது!”

“இனி தெனமும் பாவக்காயும் இவுகளுக்குத்தான் மொதல்ல!” என்றாள் பானுமதி கீழேயிருந்து.

அதற்கும் கைதட்டினார்கள்.