கறுப்பு மணல்

எங்கள் நுகுவுலா தீவில் மணல் என்றால் வெள்ளை மணல்தான், பவளமும் சிப்பியும் பொடிந்த மணல். நாங்கள் பானை சுடும் திடலில் கிடைத்த பழைய ஓடுகளுக்குள்ளோ எரிமலைக் கறுப்பு மணல் இருந்தது. திடலில் ஓட்டல் கட்ட வந்தவர்களுக்கு அது போதும்.

"இந்த ஓடெல்லாம் கண்டவு எரிமலைத் தீவுலேருந்து வந்தது. அந்தக் காலத்துல இங்க யாரும் பானை செஞ்சதே இல்ல. திடல் உங்க முன்னோரோடதுன்னு சொல்ல ஆதாரம் இல்ல" என்றார் அவர்கள் அனுப்பிய ஆய்வாளர் வில்சன். ஊர்க்கூடத்துப் பாயில் நுண்ணோக்கியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

ஊர்த்தலைவர் அபோரோசி மாமா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷமாக அந்தத் திடலின் சூட்டில் வெந்தவள் நான். வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்கள் கூடத்தில் வாய் திறக்கக்கூடாது. திறந்தேன்.

"தம்பி, இதையும் கொஞ்சம் பாரு" என்று மடியிலிருந்து ஓர் ஓட்டுத்துண்டை எடுத்து நீட்டினேன்.

"தெமலேசி, சும்மா இரும்மா" என்று மாமா அதட்டினார்.

"சும்மா இருந்தா திடல் சும்மா போயிடும் மாமா."

வில்சன் துண்டின் ஓரத்தைத் தேய்த்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "அதே மணல். இதுவும் கண்டவுல செஞ்சதுதான், சந்தேகமே இல்ல."

"எழுதிக்கிட்டியா?"

"எழுதிட்டேன்."

"அது என் மீன் சட்டி. போன மாசம் அதே திடல்ல நானே சுட்டது. வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் போட்டு உடைச்சார்."

கூடம் கொல்லென்று சிரித்தது. வில்சன் முகம் சிவந்துவிட்டது. "அப்போ மணல்?"

"இந்த ஊர் வெள்ளை மணலைக் கலந்தா சட்டி நெருப்புலயே வெடிச்சிடும். அதனால தலைமுறை தலைமுறையா கண்டவுலேருந்து இங்க வாக்கப்படற ஒவ்வொருத்தியும் ஒரு கூடை மணலோடதான் படகு ஏறுவா. என் மாமியார் வந்தாங்க, நான் வந்தேன். மணல் வந்தா பானையும் வந்ததா அர்த்தமா? களிமண்ணைப் பாத்தியா நீ?"

அவர் பார்க்கவில்லை. திடலுக்குப் பின்னால் இருக்கும் களிமண் குழியில் அவரையே இறக்கினேன். பழைய ஓடுகளிலும் குழி மண்ணிலும் ஒரே மாதிரி, சட்டியை வெடிக்க விடாத அளவுக்குச் சன்னமான பவளத் துகள்; கண்டவுக் களிமண்ணில் அது இருக்காது. முதலில் எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, 'இங்கேயே செய்தவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த மட்டும் யோக்கியன்தான்.

ஓட்டல்காரர்கள் திடலைச் சுற்றி முன்கூட்டியே அடித்திருந்த அளவுக் குச்சிகளை மறுநாள் காலை பெண்கள் எல்லோருமாகப் போய்ப் பிடுங்கினோம். பானைகளை அடுக்கி, குச்சிகளை மேலே போட்டேன்.

"அடுத்தவன் பொருளும்மா" என்றார் மாமா.

"நம்ம திடல்ல முளைச்சது மாமா" என்று நெருப்பு வைத்தேன். காய்ந்த கட்டை, நன்றாகவே எரிந்தது.