கருகிய இரண்டாவது பெட்டி

ஷெட்டில் மூன்று பேர் இருந்தார்கள். கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்டியரிங் முன்னால் அக்கா, டயர் அடுக்கின்மேல் தம்பி, கவிழ்த்த வாளியில் மெக்கானிக். கருகிய பிளாஸ்டிக் நாற்றத்தில் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த மாதப் பந்தயத்தில் அவள் ஓட்டியாக வேண்டும். இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் பழைய பாயின்டுக்குப் பதிலாகத் தம்பி மாட்டிய எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி இரண்டாவது முறையாக எரிந்துபோயிருந்தது. இந்த வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேரும். அவன் வாங்கியதோ நெகட்டிவ் சேரும் வண்டிகளுக்கான பெட்டி.

“தலையில அடிச்சுக்காத குறையா சொன்னேன் தம்பி,” என்றார் மெக்கானிக்.

“கடையில கேட்டேன்ணே. கடைக்காரன் எல்லா வண்டிக்கும் சேரும்னான். இன்னொண்ணு வாங்கிப் பாப்போம்க்கா.” சொல்லிக்கொண்டே கருகிய பெட்டியை முகர்ந்து பார்த்தான்.

“முகராதேடா, அருவருப்பா இருக்கு. உன் பெட்டி சொல்லாம கொள்ளாம சாகுது. பழைய பாயின்ட் தேஞ்சாலும் வண்டி முன்னாடியே இருமிக் காட்டும். நானே தேய்ச்சு இடைவெளி வச்சு ஓட்டிக்குவேன்.”

உதிரிபாகக் கடைக்கு பாயின்டும் அதோடு மாட்டும் கண்டென்சரும் கேட்டுக் கடிதம் எழுதினாள்.

“அதுல ஒரு பெட்டியும் சேத்து எழுதேன்,” என்றான் தம்பி.

அவள் ஒரு வரியும் சேர்க்காமல் உறையை ஒட்டி, தபாலில் போடச் சொல்லி மெக்கானிக்கிடம் கொடுத்தாள்.