பூட்டை அறுத்த ஞாயிற்றுக்கிழமை

பேக்கரியின் பின்பக்கம் தண்ணீர்க் குழாயோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிக் கிடந்தது சைக்கிள். பூட்டியவள் மகள். சாவியும் அவளிடம்தான் இருந்தது. போன மழைக்காலத்தில் துறைமுக வாசலில் தண்டவாளத்துக்குள் சக்கரம் மாட்டி, பேக்கரிக்காரி குப்புற விழுந்து இடது கையை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கே மகள் பூட்டிவிட்டாள்.

"இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?" அவ்வளவுதான், தீர்ப்பு சொல்லி முடிந்தது.

கை கூடிவிட்டது. எல்லா வேலையும் செய்யலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அந்தக் கையால்தான் பேக்கரிக்காரி தினமும் மூட்டை மாவைப் பிசைந்தாள், கொதிக்கும் தட்டுகளை அடுப்பிலிருந்து இழுத்தாள். அதையெல்லாம் மகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சாவி என்ற பேச்சை எடுத்தால் மட்டும் அவளுக்குக் காது அடைத்துப்போகும். பேக்கரிக்காரி கெஞ்சினாள், சண்டை போட்டாள், கடைசியில் அந்தப் பேச்சையே விட்டாள். அம்மாவுக்குப் புத்தி வந்துவிட்டது என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையை மூடியதும் சிநேகிதிகள் இரண்டு பேரும் சைக்கிளோடு வந்து நின்றார்கள். ஒருத்தி படகுப் பட்டறையில் வெல்டர். ஆள் வாட்டசாட்டம், பேச்சு கம்மி. இன்னொருத்தி தையல்காரி. ஒல்லியாக இருப்பாள் என்பதால் எல்லாருக்கும் குண்டூசி. வாய் மட்டும் ஊருக்கே கேட்கும். விழுந்த அன்றைக்கு ஆம்புலன்ஸ் வரும்வரை தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவள் குண்டூசிதான்.

வெல்டர் பையிலிருந்து இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்தாள். "நல்லா யோசிச்சுட்டியா? அறுத்தா அறுத்ததுதான்."

"நீயெல்லாம் ஒரு வெல்டரு! ஒட்ட வைக்கத் தெரியாதா உனக்கு?" என்றாள் குண்டூசி.

"அறுடி," என்றாள் பேக்கரிக்காரி.

மாடி வராந்தாவில் அவள் புருஷன் முகத்தில் பேப்பரைப் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார்.

"என்னங்க, நான் கிளம்பறேன்."

"நான் தூங்கறேன்," என்றது பேப்பருக்கு அடியிலிருந்து குரல். "எதையும் பாக்கல."

தீப்பொறி பறந்தது. சங்கிலி அறுந்து விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய்கூட எட்டிப் பார்த்தது. பேப்பர் அசையவில்லை.

மாவுக் கிடங்குத் தெரு வழியாக இறங்கினார்கள். தெரு முடியும் இடத்தில் நகரம் சட்டென்று திறந்துகொண்டு கடலாகிவிடும். உப்புக் காற்று முகத்தில் அறைந்தது. கிரேன்கள் கழுத்தை நீட்டி நிற்க, பிடித்த மீனைக் கொட்டிவிட்டு வந்த படகுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஆடின. கடல்காகங்கள் தலைக்கு மேல் கத்தின. முதல் சிறிது தூரம் பேக்கரிக்காரிக்கு எதுவும் கண்ணில் படவில்லை. முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு மிதித்தாள்.

துறைமுக வாசல் வந்தது. தண்டவாளம் வெயிலில் மின்னியது.

"இறங்கித் தள்ளிக்கிட்டு வாடி, ஒண்ணும் குறைஞ்சு போயிடாது," என்றாள் குண்டூசி. அவள் குரல்தான் நடுங்கியது.

"இறங்க மாட்டேன்."

ஹேண்டிலைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே நேராகத் திருப்பினாள். பல்லைக் கடித்தாள். தடக், தடக். அவ்வளவுதான். அந்தப் பக்கம் போனதும் ஏதோ கெட்ட வார்த்தை ஒன்றைச் சத்தமாகச் சொன்னாள். வாசல் காவலாளி தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து எழுந்து நின்றான். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் குண்டூசிக்கு விக்கல் வந்துவிட்டது.

கலங்கரை விளக்கம் நிற்கும் மேட்டுக்குப் பாதை அங்கிருந்துதான் ஏறுகிறது. பாதி ஏறுவதற்குள் பின்னால் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு கார் வந்து முன்னால் குறுக்கே நின்றது. மகள். வீட்டுக்கு வந்து அறுந்த சங்கிலியைப் பார்த்திருக்கிறாள். அப்பாவின் தூக்கம் இரண்டு கேள்விக்குத் தாங்கவில்லை.

"ஏறும்மா கார்ல."

"மாட்டேன்."

"எல்லாரும் பாக்கறாங்க. ஏறு."

"பாக்கட்டும்."

மகள் சிநேகிதிகள் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது சொல்லக் கூடாதா அத்தை? அறுத்துக் குடுத்ததே நீங்கதானே?"

"ஆமா, நான்தான்," என்றாள் வெல்டர்.

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அன்னைக்குப் போன் எனக்குத்தான் வந்துச்சு. உயிர் இருக்கா இல்லையான்னுகூடச் சொல்லல. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் நான் என்ன பாடுபட்டேன்னு உனக்குத் தெரியுமா?"

பேக்கரிக்காரி மகளின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். காரில் மட்டும் ஏறவில்லை.

"நீ பயந்தது எனக்குத் தெரியும் கண்ணு. அதுக்கு நான் என்ன செய்யட்டும்? அடுப்புல கைய விடலாம், மூட்டை தூக்கலாம், இது மட்டும் கூடாதா? என்னை உசுரோட வச்சிருக்கணும்னு நீ குழாயோட கட்டிப் போட்டது சைக்கிளை இல்ல, என்னை. இனிமே யாரும் என்னைப் பூட்ட வேணாம். வண்டிய எடு."

மகள் வண்டியை எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அம்மாவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

பேக்கரிக்காரி சைக்கிளைத் தூக்கினாள், தகடு வைத்த கையாலும்தான். நடைபாதை வழியாகக் காரைச் சுற்றி அந்தப் பக்கம் வைத்து, ஏறி மிதித்தாள். கால் கெஞ்சியது. மூச்சு வாங்கியது. நடுவில் ஒரு தடவை நின்று மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். கார் பின்னாலேயே ஊர்ந்து வந்து கதவைத் திறந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுபடி மிதித்தாள்.

உச்சியில் கடல் மூன்று பக்கமும் விரிந்து கிடந்தது. நகரம் கீழே வெள்ளை வெள்ளையாய்ச் சிதறியிருந்தது. மூன்று பேரும் வியர்வை காய்கிற வரைக்கும் அப்படியே நின்றார்கள்.

இனி இறக்கம். வளைந்து வளைந்து கடற்கரைச் சாலைக்குப் பாய்கிற பாதை. மகள் கார் பக்கத்தில் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்க வரவில்லை.

பேக்கரிக்காரி முதல் ஆளாகக் கிளம்பினாள். விரல்கள் பிரேக்கிலேயே இருந்தன. முதல் வளைவில் நன்றாகப் பிடித்தாள், இரண்டாவதில் லேசாக, அப்புறம் விட்டுவிட்டாள். காற்று புகுந்து சட்டை புடைத்தது.

"மெதுவாம்மா! மெதுவா போ!" மேலேயிருந்து மகள் கத்தினாள்.

"முடியாது!" என்று அவளும் கத்தினாள், கடலுக்கே கேட்கிற மாதிரி.