கூடு கட்டாத புழுக்கள்

ஓரகத்தி சுபாவின் பட்டுக்கூட்டை யாராவது மெச்சினால் ஒச்சம்மாளுக்கு வயிறு எரியும். அதை மறைக்கவும் தெரியாது. பேச்சின் நடுவிலேயே வெடுக்கென்று எழுந்து போய்விடுவாள். அமராவதிபுதூரில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கொட்டகையில், ஒரே இடத்தில் வாங்கிய பட்டுப்புழுவைத்தான் வளர்க்கிறார்கள். தின்னக் கொடுப்பதும் ஒரே மல்பெரி இலைதான். ஆனால் சுபாவுக்குக் கூடு கெட்டியாக அமையும், இவளுக்குச் சப்பையாகப் போகும். போதாக்குறைக்கு இவள் புருஷன் செம்மலையே, "தம்பி பொண்டாட்டி கூட்டத் தொட்டுப் பாத்தியா? கல்லுக் கணக்கா இருக்கு" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அன்றைக்கு அவனுக்கு மறுசோறு விழவில்லை.

மானத்தை விட்டு சுபாவிடமே கேட்டாள். சுபா ஒளிக்காமல் சொன்னாள்.

"புழு ஒடம்புல ரெண்டு ஹார்மோன் சொரக்கும்க்கா. ஒண்ணு தோல உரிக்கச் சொல்லும். இன்னொண்ணு, 'நீ இன்னும் சின்னப் புள்ளதான், தின்னு'ன்னு சொல்லும். அது வத்துனாத்தான் புழு கூடு கட்டும். கடேசியாத் தோலுரிச்ச பெறகு, அந்த ரெண்டாவது ஹார்மோன் மாதிரியே உள்ள மருந்த ஒரே ஒரு தடவ லேசாத் தெளிப்பேன். கூடக் கொஞ்சம் தின்னுட்டுக் கட்டும், கூடும் கெட்டியா வரும். அதுக்கு மேல தெளிச்சிறாதீக."

ஒரே ஒரு தடவையாம்! யாரிடம் கதை விடுகிறாள்? நாமாக இருந்தால் இவளுக்கு முழுசையும் சொல்லியிருப்போமா என்று ஒச்சம்மாள் யோசித்தாள். சத்தியமாக மாட்டாள். அப்படியானால் சுபாவும் பாதியைத்தான் சொல்லியிருக்கிறாள். மருந்தை வாங்கி வந்து தினமும் தெளித்தாள்.

புழுக்கள் கொழுகொழுவென்று பெருத்தன. ஒச்சம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "சுபா, இங்குட்டு வந்து பாத்துட்டுப் போ" என்று வேலைமெனக்கெட்டுக் கூப்பிட்டுக் காட்டினாள். சுபா பார்த்தாள். முகம் சுருங்கிப்போய், விறுவிறுவென்று தன் கொட்டகைக்குத் திரும்பிவிட்டாள்.

கூடு கட்டும் பருவம் வந்தது. புழு ஏறிக் கூடு கட்டும் வலையை ஒச்சம்மாள் விரித்தாள். ஒரு புழுவும் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. இலையை மட்டும் விடாமல் தின்றுகொண்டிருந்தன. அவள் தோட்டத்து மல்பெரி மொட்டைக் குச்சியாக நின்றது. இந்த விளைச்சலை நம்பித்தான் ஊருக்கு முன்னால் தலைநிமிர நினைத்திருந்தாள். சுபாவின் புழு இந்நேரம் கூடு கட்டியிருக்கும், மிச்ச இலை கிடைக்கும் என்று வீம்பை விழுங்கிக்கொண்டு போனாள்.

சுபாவின் தோட்டமும் மொட்டையாகத்தான் இருந்தது. கொட்டகைக்குள் புழுக்கள் இலை தின்னும் சரசரப்பு. ஓரத்தில் சுபா அழுதுகொண்டிருந்தாள்.

"ஒனக்குமா கட்டல?"

"உங்க புழுவப் பாத்ததுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லக்கா. நானும் திரும்பத் திரும்பத் தெளிச்சுப்புட்டேன். இனிமே இதுக கட்டாது."

"வெவரம் தெரிஞ்சவ நீ. எதுக்குடி தெளிச்ச?"

"பொறாமதான். வேறென்ன?"

இரண்டு கொட்டகையும் போச்சு. ஒச்சம்மாளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிறந்ததிலிருந்து அவளைப் பார்த்து யாரும் பொறாமைப்பட்டதில்லை. சுபாவை ஒட்டி உட்கார்ந்து, முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எம்புழு அம்புட்டுப் பெருசாவா இருந்துச்சு?"