கூரை மேல் யானை

ஆறு மாதச் சோதனைக்காலம் இன்றோடு முடிகிறது. பதினோரு மணிக்குச் சகாயசெல்வி மேடம் வருவார். அவர் சரி என்று எழுதினால் ஈஸ்வரனுக்கு மில்லில் வேலை நிரந்தரம். இல்லையென்றால் சொந்த ஊர் எரியோட்டுக்குத் திரும்பி, அண்ணன் வீட்டுப் பின்னறையில், சோறு வைக்கும்போது மட்டும் திறக்கிற கதவுக்குப் பின்னால் கிடக்க வேண்டும். ஒன்பது வருடம் அப்படித்தான் கிடந்தான்.

மனநோய் உள்ளவர்களுக்கு வேலை பார்த்துக் கொடுக்கும் அரசுத் திட்டத்தில், வேடசந்தூர்ப் பக்கம் இந்த நூல் மில்லில் அவனைச் சேர்த்துவிட்டவர் சகாயசெல்வி. மாதம் ஒருமுறை திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் ஊசி. மாதம் இரண்டு முறை அவர் நேரில் வந்து பார்ப்பார். முதல் நாளே ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார்.

“குரல் ஏதாவது கேட்டா பயப்படாதீங்க. பக்கத்துல இருக்கவங்ககிட்ட, உங்களுக்கும் கேக்குதான்னு கேளுங்க. இல்லன்னு சொன்னா அது நோய். விட்டுட்டு வேலையப் பாருங்க.”

பக்கத்தில் இருந்தது மலைச்சாமி. கழிவுப் பஞ்சு அறையில் இரண்டே பேர்தான். மில் முழுக்க உதிர்கிற பஞ்சைக் கூட்டி இங்கே கொட்டுவார்கள். ஆள் உயரத்துக்கு மேல் குவியல் நிற்கும். அதை அள்ளிப் பிரஸ்ஸில் போட்டு, அமுக்கி, கம்பி கட்டி, மூட்டையாக்கி லாரியில் ஏற்ற வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் நூற்கும் மெஷின்கள். அங்கே காதில் பஞ்சு அடைக்காமல் யாரும் நிற்க முடியாது. இந்தப் பக்கம் எல்லாச் சத்தத்தையும் பஞ்சு குடித்துவிடும். இருமினால் இருமல்கூட அடுத்தவனுடையது போலக் கேட்கும்.

இரண்டாம் மாதம் குவியலுக்குள்ளிருந்து ஒரு பெண் பேசினாள்.

ஈஸ்வரனுக்குப் பழைய குரல்களைத் தெரியும். அவை ஆண் குரல்கள். வையும். தண்டவாளத்துக்குப் போகச் சொல்லும். ஊசியில் அடங்கிப்போனவை. இது வையவில்லை. கைவேலையாக இருக்கும் பெண், வாசலில் வந்து நிற்கும் ஆளிடம் சொல்வது போல ஒரு வார்த்தை சொன்னது, அவ்வளவுதான்.

மேடம் சொன்னபடி கேட்டான். “அண்ணே, உள்ள ஒரு பொம்பள பேசுது. உங்களுக்குக் கேக்குதா?”

“ஆமாப்பு, நல்லாக் கேக்குது,” என்றார் மலைச்சாமி, கம்பியை முறுக்கிக்கொண்டே. “உன்னயத்தான் கூப்புடுறா. போயிப் படுத்துக்க.”

மதியச் சாப்பாட்டில் அதைச் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்தார். பிறகு அது மில்லுக்கே விளையாட்டாகிவிட்டது. “ஏலே ஈஸ்வரா, என் தூக்குவாளிக்குள்ள யாரோ பாடுறாக. கேக்குதா உனக்கு?”

எதைக் கேட்டாலும் ஆமாம் என்கிற ஆளை வைத்து எதைச் சோதிப்பது? ஈஸ்வரன் யோசித்து ஒரு உபாயம் கண்டுபிடித்தான். முதலில் ஒரு பொய்யைக் கேட்பது.

“அண்ணே, கூரை மேல யானை நிக்குதா?”

“நிக்குது. ரெண்டு.”

அப்படியானால் அன்றைக்கு அவர் சொல்லும் ஆமாம் எதற்கும் ஆகாது. ஈஸ்வரன் இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் பஞ்சை அள்ளுவான். நாலு மாதமாகத் தினம் காலையில் கேட்டான். தினமும் யானை நின்றது.

இன்று காலையும் கேட்டான். மலைச்சாமி குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. இன்னொரு தடவை சத்தமாகக் கேட்டான்.

“இல்ல,” என்றார்.

அப்படியானால் இன்றைக்கு அவர் சொல்வதை நம்பலாம். அப்போதுதான் கவனித்தான். அவருடைய இரண்டு காதிலும் பஞ்சு. சத்தமே இல்லாத அறையில், இறுக்கி அடைத்திருந்தார்.

“அண்ணே, அப்ப அந்தப் பொம்பள...”

“வாய மூடிட்டு அள்ளுடா.”

பதினோரு மணிக்குச் சகாயசெல்வி வந்தார். கூடவே சூப்பர்வைசர் அப்பாஸ், கையில் செல்போனோடு.

“வேலையில ஒரு குறையும் இல்லன்னு சார் சொல்றாரு,” என்றார் சகாயசெல்வி. “ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். இப்பக் குரல் ஏதும் கேக்குதா?”

அந்நேரம் பார்த்து அது பேசியது. முன்னைவிடப் பக்கத்தில்.

“பக்கத்துல கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்,” என்றான் ஈஸ்வரன். மலைச்சாமி பக்கம் திரும்பினான். “அண்ணே, கூரை மேல யானை நிக்குதா?”

“இல்ல.”

“உள்ள பொம்பள பேசுறது கேக்குதா?”

மலைச்சாமி ஒரு காதுப் பஞ்சை எடுத்தார். குவியல் பக்கம் பார்க்கவேயில்லை. “ஒண்ணும் கேக்கல மேடம். பய நல்லாத்தான் வேல பாக்குறான்.”

ஈஸ்வரன் தலையைத் தொங்கப் போட்டான். போச்சு என்று நினைத்தான். சகாயசெல்வி எழுதிக்கொண்டிருந்தார்.

“குரல் கேட்டது தப்பில்ல ஈஸ்வரன். கேட்டதும் என்ன செஞ்சீங்க? சொல்லிக் குடுத்தத செஞ்சீங்க. அது போதும்.” கையெழுத்துப் போட்டார். “இனிமே நீங்க நிரந்தரம்.”

“லாரி நிக்குது, சீக்கிரம் கட்டுங்கப்பா,” என்று அப்பாஸ் சொல்லிவிட்டு அவரோடு வெளியே போனார்.

மலைச்சாமி மற்றக் காதுப் பஞ்சையும் எடுத்தார்.

“முத நாளு விளையாட்டுக்குத்தான் சொன்னேன்,” என்றார் மலைச்சாமி. “ஒரு வாரம் கழிச்சு எனக்கும் கேக்க ஆரம்பிச்சிருச்சு. யானைய வச்சே மறைச்சேன், இன்னைக்கு முடியல.”

“பெறகு ஏன் இல்லன்னீக?”

“மகளுக்குச் சம்மந்தம் பேசிக்கிட்டிருக்கு. அப்பனுக்குக் கிறுக்குன்னு ஒரு பேச்சுக் கெளம்புனாப் போச்சு. உனக்குச் சர்டிபிகேட் இருக்கு, அந்தம்மா இருக்கு. எனக்கு யாருடா இருக்கா?”

“வியாழக்கிழம எங்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்கண்ணே. நல்ல டாக்டரு.”

“போயி என்னான்னு சொல்ல? ‘செத்த நேரம் இருங்க, முடிச்சிட்டு வாரேன்’னு பஞ்சு பேசுதுன்னா?”

ஈஸ்வரனுக்குக் கேட்டதும் அதே வார்த்தைதான். அது என்ன பேசுகிறது என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஒன்பது வருடத்தில் அவன் கேட்ட ஒரு குரலும் அடுத்தவன் காதுக்குப் போனதில்லை. நோய், ஆளுக்கு ஒரு இழுப்பு என்று பகிர்ந்துகொள்கிற பீடி இல்லை.

“இங்க யாரும் செத்திருக்காகளா அண்ணே?”

“இருவது வருசமா இருக்கேன். ஒருத்தரும் சாகல.”

குவியலைக் கையாலேயே அள்ளினார்கள். ஒவ்வொரு கையாகப் பிரித்துப் பார்த்துப் பிரஸ்ஸில் போட்டார்கள். தரை தெரியும்வரை பஞ்சும் தூசியும்தான். வேறொன்றும் இல்லை. பிரஸ் நிரம்பிவிட்டது. வெளியே லாரி ஆரன் அடித்தது. அப்பாஸ் இரண்டு தடவை கூப்பிட்டார்.

மலைச்சாமி பொத்தானைத் தொடவில்லை. ஈஸ்வரன் தொட்டான். நிரந்தரமான ஆள் அவன்தான்.

இரும்புத் தட்டு இறங்கியது. பஞ்சு அமுங்கி அமுங்கி, மூச்சு விடுவது போலத் தூசி கக்கி, கல்லாக இறுகியது. தட்டு நின்றதும் அறை முழுக்க அமைதி.

“முடிஞ்சிருச்சு. வாரேன்.”

பிரஸ்ஸுக்குள்ளிருந்து இல்லை. அவர்களுக்குப் பின்னால், கூட்டிப் பெருக்கிய வெறுந்தரையிலிருந்து.

ஈஸ்வரன் திரும்பவில்லை. மலைச்சாமியும் திரும்பவில்லை. காதிலிருந்து எடுத்த பஞ்சை விரலால் உருட்டிக்கொண்டே நின்றார்.

“ஈஸ்வரா,” என்றார். “கூரை மேல யானை நிக்குதா?”

“இல்லண்ணே.”

இரண்டாவது கேள்விக்காக ஈஸ்வரன் காத்திருந்தான். அவர் கேட்கவில்லை.