காசு படாத இடம்

காய்ச்சல் இறங்கிவிட்டது என்று முதலில் சொன்னவள் நாரிதான். ராவியின் புருஷனுக்கு அக்கா, ஏரியில் பக்கத்து மிதவை வீட்டுக்காரி. பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். கழுத்தடியில் வைத்துப் பார்த்தாள். பிறகு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பாத்தியா? வாழத்தண்டு மாதிரி ஆயிட்டா. காத்து பூரா வெளிய வந்துருச்சு. நான் சுரண்டுன சுரண்டு அப்படி."

"உங்க கை என்ன கையாக்கா? மீன் செதில் எடுக்குற கைல்ல," என்றாள் ராவி. பல நாளைக்குப் பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்தது.

மாலிஸுக்கு ஆறு வயது. அடுப்பு போலக் கொதித்துக் கிடந்தவளை நேற்று குப்புறப் போட்டு, முதுகில் தைலத்தைத் தடவி, காசின் விளிம்பால் நாரி சுரண்டினாள். முதுகெலும்பை ஒட்டி மேலிருந்து கீழே, பிறகு விலா ஓரமாகச் சாய்வாய், நெஞ்சிலும் அதே மாதிரி. கோடு எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு காற்று உள்ளே இருந்தது என்று கணக்கு. மாலிஸுக்குக் கோடுகள் கருஞ்சிவப்பாக எழும்பின. பிள்ளை கதறியபோது இரண்டு கையையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டவள் ராவி.

இப்போது உடம்பு குளிர்ந்திருந்தது. தாய்லாந்தில் கட்டட வேலைக்குப் போயிருக்கிற புருஷனுக்கு, வீட்டுக் கோடியில் சிக்னல் கிடைக்கிற மூங்கில் மேல் நின்று, "சரியாயிருச்சு, நீ வர வேணாம்" என்று ராவி சொல்லியும் விட்டாள்.

கருவாடு கிள்ளிப் போட்டுக் கஞ்சி வைத்தாள். மாலிஸ் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய வாத்து தட்டில் மூக்கை விட்டுக் கலக்கியது. எப்போதும் இந்த வீட்டில் எது கெட்டாலும் பழி வாத்தின் மேல்தான் விழும். சட்டி உடைந்தால் வாத்து. பாய் நனைந்தால், "நான் இல்ல, வாத்து" என்பாள் மாலிஸ். இன்று வாத்து உண்மையாகவே கஞ்சியைக் கொட்டியது. மாலிஸ் அதைப் பார்த்தபடி கிடந்தாள்.

"பசி இல்லையா தங்கம்?"

"வயிறு வலிக்குது."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் வாந்தி எடுத்தாள். காலெல்லாம் தெறித்தது. ராவி ஜாடியிலிருந்து மழைத்தண்ணீர் மொண்டு வந்து கழுவினாள். பாதம் சில்லென்று இருந்தது. தண்ணீரால் என்று நினைத்தாள். துடைத்தாள். அப்புறமும் சில்லென்றே இருந்தது. கெண்டைக்காலில் சின்னச் சின்னதாய்ச் சிவப்புப் புள்ளிகள். கட்டைவிரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

"அக்கா," என்று கூப்பிட்டாள். "கால்லயும் சுரண்டுனீங்களா?"

வலையில் முள் எடுத்துக்கொண்டிருந்த நாரி நிமிரவில்லை. "கால்ல எவ சுரண்டுவா? முதுகும் நெஞ்சுந்தான். நீதான பக்கத்துல இருந்த?"

"அப்ப இது என்ன?"

நாரி எழுந்து வந்து பார்த்தாள். குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள்.

ராவி பிள்ளையின் சட்டையைத் தூக்கினாள். முதுகு பூராவும் கோடு கோடாகச் சிவப்பு. அந்தச் சிவப்புக்குள்ளே இன்னொரு சிவப்பு வந்து உட்கார்ந்திருந்தால் யார் கண்டுபிடிப்பது? கைக்குள்பக்கம் பார்த்தாள். அங்கேயும் புள்ளி இருந்தது. காசு படாத இடமெல்லாம் புள்ளி.

போன மழைக்காலத்தில் மிதவைக் கோவிலுக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டுப் பையன் இப்படித்தான் போனான். காய்ச்சல் விட்டது என்று அவன் அம்மா ஊருக்கெல்லாம் சோறு கொடுத்தாள். அதே சோற்றுப் பானையை மறுநாள் சாவுக்கு வைத்தார்கள். கொசுவால் வருகிற காய்ச்சல் என்று சுகாதாரக்காரர்கள் வந்து வீடு வீடாக ஜாடித் தண்ணீரில் மருந்து போட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீர் நாறுகிறது என்று அவர்கள் படகு திரும்பியதும் எல்லோரும் ஜாடியைக் கவிழ்த்தார்கள். ராவியும் கவிழ்த்தாள்.

பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு படகில் இறங்கினாள். நாரி பின்னாலேயே குதித்துத் துடுப்பை எடுத்தாள்.

அரசாங்கத்தின் சுகாதார அறை நீலப் பெயிண்ட் அடித்த மிதவை. கதவில் பூட்டு. நர்ஸம்மா பயிற்சிக்கு டவுனுக்குப் போயிருக்கிறாள் என்று பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவன் சொன்னான். எப்போது வருவாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. மிச்சம் இருந்தது மேங் வீடு.

மேங் எல்லையோர அகதி முகாமில் ஊசி போடக் கற்றுக்கொண்டவர், லைசென்ஸ் கிடையாது. வயசாகி முன்பல் இரண்டு போய்விட்டது. ஏரியில் பாதிப் பேர் அவர் கையால் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டவர்கள்தான். அலுப்பு என்றாலும் பாட்டில், தலைவலி என்றாலும் பாட்டில். வலை மாட்டுகிற ஆணியில்தான் பாட்டிலையும் மாட்டுவார்.

"என்னம்மா, பண்ணை முதலைக்குத் தீனி கொண்டார்ற மாதிரி தூக்கிட்டு வர்ற? படுக்க வை, படுக்க வை. ஒரு பாட்டில் எறங்குனா சாயங்காலம் வாத்தை வெரட்டிக்கிட்டு இருப்பா."

அந்தப் பேச்சைக் கேட்டதும் ராவிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. இங்கேயே முடிந்துவிடும். ஏரியைத் தாண்ட வேண்டியதில்லை. கூரைக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்ததை அவள் பார்க்காமல் இருந்தாள்.

மேங் மணிக்கட்டைத் தட்டித் தட்டி நரம்பு தேடினார். கிடைக்கவில்லை. குத்தினார். எடுத்தார். மறுபடி குத்தினார். ஊசியை எடுத்த இடத்தில் ரத்தம் துளிர்த்தது. பஞ்சை வைத்து அழுத்தினார். எடுத்துப் பார்த்தார். மறுபடி துளிர்த்தது. வேறு பஞ்சு எடுத்து ரொம்ப நேரம் அழுத்திக்கொண்டு, ராவியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். பஞ்சைத் தூக்கினார். ரத்தம் மெல்ல வழிந்து பிள்ளையின் உள்ளங்கைக்குப் போயிற்று.

மேங் ஊசியை மூடி டப்பாவுக்குள் திருப்பி வைத்தார். அதைப் பார்த்தபோதுதான் ராவிக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரைக்கும் இருந்தது சும்மா கலக்கம்.

"என்கிட்ட வேணாம்," என்றார். "டவுனுக்குக் கொண்டு போயிரு."

"அதென்ன திடீர்னு? எல்லாருக்கும் ஏத்துறீங்கல்ல?" என்றாள் நாரி.

"எல்லாருக்கும் ரத்தம் நிக்குது தாயி."

வெளியே காற்று கிளம்பி வீடு ஒருமுறை ஆடி நின்றது.

"இந்தக் காத்துலயா?" என்றாள் நாரி. "ராவி, கேளு. நடு ஏரில கவுந்தா புள்ளையோட சேர்த்து நாமளும் போவோம். காத்து அடங்கட்டும். காலைல போவோம்."

ராவி பிள்ளையின் பாதத்தைக் கைக்குள் பொத்திப் பிடித்திருந்தாள். எவ்வளவு பொத்தினாலும் சூடு ஏறவில்லை. காலை என்பது எங்கேயோ வெகுதூரத்தில் இருந்தது.

"உங்க பெரிய படகைக் குடுங்கண்ணே," என்றாள் மேங்கிடம்.

"குடுத்தா? ஓட்டுறது யாரு, நீயா?" அவர் எழுந்து, சட்டை மாட்டி, பிளாஸ்டிக் விரிப்பைச் சுருட்டி எடுத்தார். "நான் வர்றேன். ஆனா கரையோட நின்னுக்குவேன். ஆஸ்பத்திரி வாசப்படில கால வைக்க மாட்டேன். எவன் குத்துனான்னு கேட்டா என் பேரச் சொல்லாத."

"சொல்லலை."

"அந்தப் பொம்பளையும் சொல்லக் கூடாது."

"எனக்கு உங்க பேரே மறந்துபோச்சு," என்றாள் நாரி. அவளும் படகில் ஏறிக்கொண்டாள்.

வீடுகளைத் தாண்டித் திறந்த ஏரிக்கு வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அலை படகின் பக்கவாட்டில் அறைந்தது. நாரி சட்டியால் தண்ணீரை இறைத்து இறைத்து ஊற்றினாள். ராவி விரிப்புக்கு உள்ளே பிள்ளையை மடியில் வைத்துக் குனிந்திருந்தாள். படகில் ஏறினாலே "கரை வந்துருச்சா, கரை வந்துருச்சா" என்று நச்சரித்து அடி வாங்குகிற பிள்ளை இவள். இன்று கேட்கவில்லை.

"மாலிஸ். கரை வந்துருச்சான்னு கேளு."

கண் பாதி திறந்திருந்தது.

"கேளுடி. அம்மா அடிக்க மாட்டேன். கேளு."

உதடு அசைந்ததா, படகு அசைத்ததா, தெரியவில்லை. ராவி காதைப் பிள்ளையின் மூக்கருகே கொண்டுபோய் வைத்தாள். மழைச் சத்தத்தில் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. கன்னத்தை வைத்தாள். மெல்லிசாய் ஒரு காற்று பட்டது. அப்புறம் கன்னத்தை அங்கிருந்து எடுக்கவே அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கரை மங்கலாகத் தெரிகிற நேரத்தில் என்ஜின் முக்கி முக்கி நின்றது. ஆகாயத்தாமரை. காற்று அடித்துக் கொண்டுவந்து திட்டாகச் சேர்த்திருந்தது. மேங் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்பக்கம் கவிழ்ந்து, விசிறியில் சுற்றிய தண்டுகளை அறுத்தார். படகு தன்பாட்டுக்குச் சுழன்றது.

நாரி இறைப்பதை நிறுத்திவிட்டாள். காவல் தெய்வத்தைக் கூப்பிட்டு என்னமோ முணுமுணுத்தவள், திடீரென்று சொன்னாள்: "நான் கோடு போடாம இருந்திருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும்."

"நானுந்தான் கையப் புடிச்சேன்," என்றாள் ராவி. "தண்ணிய எறைங்க அக்கா."

நாரி இறைத்தாள்.

என்ஜின் மறுபடி உயிர் பிடித்தது. கரையில் மேங் சொன்னபடியே படகைவிட்டு இறங்கவில்லை. மோட்டார் சைக்கிளில் கோத்த இழுவண்டி ஒன்றைக் கையைக் கொட்டிக் கூப்பிட்டுவிட்டு, நனைந்த கோழிபோலப் படகு முனையில் குந்திக்கொண்டார். "போ, போ, என்னைப் பாக்காத," என்றார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டு நிரம்பி, கட்டிலுக்கு இரண்டு பேராகக் கிடந்து, தாழ்வாரம் வரைக்கும் பாய் போட்டிருந்தது. வரிசையில் நில் என்று வாசல்காரன் சொன்னான். ராவி நிற்கவில்லை. அவனைத் தாண்டி உள்ளே போய், கண்ணில் பட்ட முதல் நர்ஸின் கையில் பிள்ளையின் பாதத்தை எடுத்து வைத்தாள்.

நர்ஸ் பாதத்தைத் தொட்டதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். சட்டையைத் தூக்கினாள். கோடுகளைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"இதுல நான் எதைன்னு பாக்குறது? காய்ச்சல் இருக்குறப்பவே ஏன் வரலை?"

"எறங்கிருச்சேன்னு..."

"எல்லாரும் அதத்தான் சொல்றீங்க. எறங்குற அன்னைக்குத்தான் இது ஆளத் தூக்குது."

திட்டுகிற நர்ஸின் கழுத்தைப் பார்த்தாள் ராவி. காலருக்கு மேலே, இரண்டு பக்கமும், காசின் கோடு புதிதாய்ச் சிவந்திருந்தது. சுற்றிலும் பாய்களில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்தாள். எல்லா முதுகிலும் கோடு.

ஒரு டாக்டர் வந்தார். சின்ன வயசுக்காரர், தூங்காத கண். கையில் பட்டை சுற்றி அழுத்தினார், விரலில் ரத்தம் எடுத்தார், புறங்கையில் எப்படியோ நரம்பைப் பிடித்துவிட்டார். பாட்டில் தொங்கியது. சொட்டுகளை நர்ஸ் திருகித் திருகிச் சரிபார்த்தாள்.

"வேகமா விடுங்கம்மா," என்றாள் நாரி. "சீக்கிரம் எறங்கட்டும்."

"கூடுதலா விட்டா நெஞ்சுல போய்த் தேங்கிரும். பாத்துப் பாத்துத்தான் விடணும். நீங்க கைய வைக்காதீங்க." பிறகு ராவியிடம், "மூத்திரம் போகுதான்னு பாத்துக்கிட்டே இரு. போனாச் சொல்லு. போகலைன்னாலும் சொல்லு," என்றாள்.

பாய் இல்லை. தாழ்வாரச் சுவரில் சாய்ந்து ராவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். நாரி பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை ஓய்ந்தால் மறு கைக்கு மாற்றினாள். மழை விட்டு, முற்றத்தில் மஞ்சள் வெயில் கொஞ்ச நேரம் அடித்தது. நர்ஸ் வந்து திருகினாள், போனாள். டாக்டர் வந்து வயிற்றை அமுக்கினார், போனார். எதிர்ப் பாயில் ஒருத்தி பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்புறம் அந்தப் பாயைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். அப்புறம் அந்தக் குரல் வேறு மாதிரி ஆயிற்று. பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். காலி இடத்தில் போய் உட்காரச் சொல்லி வாசல்காரன் ராவிக்குக் கை காட்டினான். அவள் நகரவில்லை. அந்த இடம் அவளுக்கு வேண்டாம்.

மூத்திரம் போகவில்லை. நர்ஸ் கேட்கும்போதெல்லாம் ராவி தலையை ஆட்டினாள்.

விளக்குப் போடுகிற நேரத்தில் மடியில் சூடாக ஏதோ பரவியது. ராவி ரத்தம் என்று நினைத்தாள். கையைத் துணிக்குள் விட்டாள். எடுத்து வெளிச்சத்தில் நீட்டினாள். பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு, பிறகு மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்னடி?" என்றாள் நாரி. பாட்டில் அவள் கையில் ஆடியது. "என்னடி அது? சொல்லித் தொலையேன்."

மடியில் மாலிஸ் கண்ணைத் திறக்காமல் முகத்தைச் சுளித்தாள். குரல் காய்ந்த ஓலைபோல வந்தது.

"நான் இல்ல."

ராவி குனிந்தாள்.

"வாத்து," என்றது பிள்ளை.

ராவி நர்ஸைக் கூப்பிட்டாள். கூப்பிட்டது அவளுக்கே கேட்கவில்லை. நாரிதான் தாழ்வாரம் அதிரக் கூப்பிட்டாள். நர்ஸ் வந்து, ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, நாடியைப் பிடித்துப் பார்த்து, சொட்டைக் கொஞ்சம் குறைத்தாள்.

"சரி. நல்லதுதான். ஆனா இன்னும் முடியலை. இன்னைக்கு ராத்திரி பூரா பாக்கணும். போய்ப் பாவாடைய மாத்திக்க."

"மாத்துறேன்," என்றாள் ராவி. ஆனால் எழுந்திருக்கவில்லை. துணி மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. அவள் பிள்ளையின் பாதத்தைக் கைக்குள் வைத்துப் பொத்தி, சூடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.